வெட்டக் கூடாத சீல்

பாலத்துச் சோதனைச்சாவடியில் எல்லோருக்கும் அவள் சீல் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த லாரி ஓட்டுநர்களுக்கும் அக்காதான். பதினான்கு வருஷமாக அவள் பார்த்த வேலை ஒன்றே ஒன்று. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாட்டிலிருந்து வரும் லாரிகளின் பின்கதவில் மாட்டியிருக்கும் சீலை வெட்டுவது. சீல் என்றதும் அரக்கு முத்திரையை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது விரல் தடிமனுள்ள இரும்பு ஆணி, தலையில் எண் பொறித்திருக்கும். தாழ்ப்பாளில் செருகி அழுத்தினால் மாட்டிக்கொள்ளும், பிறகு வெட்டினால்தான் வரும். அந்த நாட்டு சீலை வெட்டி, கதவைத் திறந்து, உள்ளே இருக்கும் பெட்டிகளை எண்ணி, கதவை மூடி, இந்த நாட்டு சீலைப் போட வேண்டும். இங்கிருந்து போகிற லாரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் இதே கூத்தை நடத்துவார். அதாவது ஒரே பெட்டிகளை இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று நம்பாமல் இரண்டு முறை எண்ணின. இதுவரை ஒரு பெட்டிகூட பாலத்தில் குட்டி போட்டதில்லை.

இந்த எண்ணுகிற வைபவத்துக்காக இரு கரையிலும் லாரிகள் மூன்று நாள், நான்கு நாள் நின்றன. அதுவும் சும்மா நிற்கவில்லை. சரக்கு கெடாமல் குளிர்பெட்டி ஓட வேண்டுமே என்று எஞ்சினை அணைக்காமல் உறுமிக்கொண்டே நின்றன. சீல் அக்காவின் வீடு அந்தச் சாலையோரத்தில் இருந்தது. காலையில் வெள்ளைத் துணியைக் கொடியில் போட்டால் மாலையில் சாம்பல் துணியாக எடுக்கலாம். மகளின் பள்ளிச் சட்டையை அவள் வீட்டுக்குள்ளேயே காயப் போட்டாள்.

அவள் வீட்டுக்காரரும் அந்த வரிசையில் நிற்கிற ஓட்டுநர்தான். திங்கட்கிழமை கிளம்பினால் சனிக்கிழமை வருவார். வண்டி ஓடுகிறது போகவர ஏழு மணி நேரம், மிச்சமெல்லாம் நிற்கிற நேரம். வந்ததும் குளித்துவிட்டுப் படுத்தாரென்றால் ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் எழுவார். மாலையில் மறுபடி பையை எடுத்து வைக்க வேண்டும். பத்து வயது மகள் ஒருமுறை பள்ளியில் 'என் அப்பா' என்று கட்டுரை எழுதினாள். முதல் வரியே "என் அப்பா நன்றாகத் தூங்குவார்" என்றிருந்தது. சீல் அக்கா அதைப் படித்துச் சிரித்தாள். பிறகு சமையலறைக்குப் போய் அழுதாள்.

அந்தப் பக்கத்தில் சீல் வெட்டுகிறவரை அவள் கண்ணால் பார்த்ததில்லை. வேலை நேரத்தில் யாரும் பாலத்தைத் தாண்டக் கூடாது, வேலை நேரம் போக மிச்சம் நேரமும் இருவருக்கும் இருந்ததில்லை. பன்னிரண்டு வருஷமாகப் போனில்தான் பழக்கம். சீல் எண்ணைச் சரிபார்க்கத் தொடங்கிய பேச்சு, அவர் மகள் கல்யாணம், இவள் மாமியாரின் முழங்கால் என்று வளர்ந்து, அவர் அக்கரை அண்ணன் ஆகிவிட்டார். தினமும் மாலை ஆறு மணிக்கு அவரிடமிருந்து போன் வரும்.

"தங்கச்சி, உன் வீட்டுக்காரர் வரிசையில நூத்திப்பன்னெண்டாவது வண்டி."

மறுநாள் அது எழுபத்தெட்டு ஆகும். அதற்கு மறுநாள் நாற்பத்தொன்று. மகள் கழித்தல் கணக்கைக் கற்றுக்கொண்டதே இந்த எண்களை வைத்துத்தான்.

இப்படி இருக்கும்போதுதான் பசுமைச் சரக்குப் பாதை வந்தது. இரண்டு நாடுகளும் மூன்று வருஷம் மாறி மாறிக் கூட்டம் போட்டு, டீ குடித்து, கோபித்துக்கொண்டு, சமாதானமாகி, ஒருவழியாக ஒரு முடிவுக்கு வந்தன. புகை விடாத பேட்டரி லாரிகள் ஓடும். இரு நாட்டிலும் ஒரே மாதிரி சார்ஜ் பிளக் இருக்கும். சரக்கு ஏற்றுகிற இடத்திலேயே ஒரு தடவை எண்ணி, ஒரே ஒரு சீல் போடுவார்கள். அந்த சீலைப் போய்ச் சேருகிற ஊரில்தான் வெட்டுவார்கள். நடுவில் பாலத்தில் எண்ணைப் படித்துச் சொல்லிவிட்டு வழிவிட வேண்டியதுதான்.

காரணம் சாதாரணமானது. குளிர்பெட்டியும் அதே பேட்டரியில் ஓடுவதால், நிற்கிற ஒவ்வொரு மணி நேரமும் வண்டி போக வேண்டிய தூரத்தைத் தின்றுவிடும். டீசல் வண்டி போல நாள்கணக்கில் நின்றால் போய்ச் சேராது. அதனால் சோதனை ஓட்டத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். இரு பக்கமிருந்தும் ஒவ்வொரு லாரி வரும். இரண்டும் ஒரு மணி நேரத்துக்குள் பாலத்தைக் கடந்து சாலையைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் அடுத்த மாதம் முதல் தேதியே பாதை தொடங்கும். பிடிக்காவிட்டால் பேச்சு மறுபடி முதலிலிருந்து, இன்னும் இரண்டு மூன்று வருஷம்.

இங்கிருந்து போகும் லாரியை ஓட்ட அவள் வீட்டுக்காரரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அன்று காலை அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு கண்ணாடி முன்னால் நின்ற நேரத்தைப் பார்த்தால் மாப்பிள்ளை தோற்றுப்போவார்.

"ஏங்க, லாரி ஓட்டப் போறீங்களா, பொண்ணு பார்க்கப் போறீங்களா?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுல இருப்பேன், பாரு" என்றார்.

"எத்தனை திங்கட்கிழமை இதைக் கேட்டிருக்கேன்!"

"இந்தத் தடவை நிஜமா."

அவர் போன பிறகு, அவள் அரிசியை ஒரு ஆழாக்கு கூடுதலாக ஊற வைத்தாள். வைத்துவிட்டு, அதிகப்படியாக ஆசைப்படுகிறோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

சோதனைச்சாவடியின் மேலதிகாரியை எல்லோரும் ஷரத்து சார் என்பார்கள். எதைக் கேட்டாலும் "எந்த ஷரத்துப்படி?" என்று திருப்பிக் கேட்பார். விடுமுறை கேட்டாலும் சரி, விசிறி ரிப்பேர் என்றாலும் சரி. ஒப்பந்தக் கூட்டங்கள் பதினொன்றுக்கும் போய்வந்தவர், ஒப்பந்தப் புத்தகத்தைக் கக்கத்திலேயே வைத்திருந்தார். அன்று காலை எட்டரை மணிக்கு சீல் அக்காவைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"அக்கா, இன்னிக்கு உங்க வேலை என்ன?"

"சீல் நம்பரைப் படிக்கிறது சார்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல சார்."

"அதான். ஒண்ணும் செய்யாம நிக்கணும். அது லேசான வேலை இல்ல. அந்தக் கட்டரை ரூம்ல வெச்சிட்டுப் போங்க."

அவள் இடுப்புப் பட்டையில் முழங்கை நீளத்துக்குக் கட்டர் தொங்கியது. பதினான்கு வருஷத்தில் பிடி தேய்ந்து அவள் கைக்கு அச்சாகப் பொருந்தியிருந்தது.

"இது இல்லாம நின்னா இடுப்பு ஒரு பக்கமா சாயுது சார். இருந்துட்டுப் போகட்டும். நான் என்ன சின்னப் பிள்ளையா?"

ஷரத்து சார் புத்தகத்தில் தேடிப் பார்த்தார். கட்டரை வைத்திருக்கக் கூடாது என்று எந்த ஷரத்தும் இல்லை. சரி என்று விட்டுவிட்டார். அதுதான் வினை.

ஒன்பது மணிக்கு இரு பக்கமும் கேட் திறந்தது. அவள் வீட்டுக்காரரின் வண்டி பாலத்தில் ஏறியது. அந்தப் பக்கமிருந்து இன்னொரு வண்டி ஏறியது. அதை ஓட்டிவந்தவள் இருபத்தைந்து வயதுப் பெண், பேச்சும் வேகமும் பார்த்து ஓட்டுநர்கள் அவளுக்குச் சிட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். இரண்டு வண்டிகளும் நடுப்பாலத்தில் ஒன்றையொன்று கடந்தன. சத்தமே இல்லை. பாலத்துக்குக் கீழே ஆறு ஓடுகிற ஓசை சோதனைச்சாவடி வரை கேட்டது. அங்கே வேலை பார்க்கிற பலருக்கும் அந்த ஆற்றுக்கு ஓசை உண்டு என்பதே அன்றுதான் தெரிந்தது.

சிட்டு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். சீல் அக்கா பின்பக்கம் போய், எண்ணைச் சத்தமாகப் படித்தாள். குறித்துக்கொண்டார்கள். வேலை முடிந்தது. நிமிர்ந்து பார்த்தால், தூரத்தில் அவள் வீட்டுக்காரரின் வண்டி அக்கரை கேட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. பதினான்கு வருஷத்தில் அந்த மனிதர் வரிசையில் நிற்காமல் அந்தக் கரையைத் தொட்டு அவள் பார்த்ததில்லை. கண் கலங்கிப் போய், வாயெல்லாம் பல்லாக, அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றாள். கை மட்டும் தன் பாட்டுக்கு இடுப்புக்குப் போனது.

டக்.

அந்தச் சத்தம் அவளுக்கு அவ்வளவு பழக்கம் என்பதால் முதலில் உறைக்கவே இல்லை. காலடியில் ஆணியின் தலை உருண்டு வந்து செருப்பில் மோதி நின்ற பிறகுதான் குனிந்து பார்த்தாள். அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

சிட்டு இறங்கி ஓடிவந்தாள். "அக்கா! என்னக்கா பண்ணிட்டீங்க!"

"நான் பண்ணலடி. கை பண்ணிடுச்சு."

இதைக் கேட்டு யார் சிரிப்பார்கள்? சீல் அறுந்த வண்டியை ஓரங்கட்டி, சரக்கு முழுவதையும் இறக்கி எண்ண வேண்டும். குறைந்தது நான்கு மணி நேரம். பேட்டரி அதற்குள் பாதிக்கு வந்துவிடும். ஒரு மணி நேர நிபந்தனையும், மூன்று வருஷப் பேச்சும், வீட்டில் ஊறுகிற அரிசியும் அதோடு போச்சு. இதையெல்லாம் கெடுத்தது வேறு யாரோ என்றால் வாய்நிறையத் திட்டலாம். தன்னைத்தானே எவ்வளவு நேரம் திட்டிக்கொள்வது?

சிட்டு அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, உங்க பையில உங்க நாட்டு சீல் இருக்கில்ல? அதை மாட்டுங்க. இவ்ளோ நாளா அப்படித்தானே வந்துச்சு? யார் கண்டுபிடிக்கப் போறா? நான் வாயே திறக்க மாட்டேன்."

ஒரு நிமிஷம் சீல் அக்காவின் கை பைக்குள் போனதென்னவோ உண்மை. விரலில் சீல் தட்டுப்பட்டது. பிறகு யோசித்தாள். போய்ச் சேருகிற ஊரில் காகிதத்தில் ஒரு எண்ணும் கதவில் வேறு எண்ணும் இருந்தால், முதலில் யாரைக் கேட்பார்கள்? அந்த எண்ணைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு வண்டியை அனுப்பின அக்கரை அண்ணனைத்தான். பன்னிரண்டு வருஷம் தங்கச்சி தங்கச்சி என்று கூப்பிட்ட மனிதரின் தலையில் மிளகாய் அரைக்க அவளால் முடியாது. கையை வெளியே எடுத்துவிட்டாள்.

"வேண்டாம்டி. முதல்ல அண்ணன்கிட்ட சொல்லிடறேன்."

போன் போட்டாள். லைன் பிஸி. மறுபடி போட்டாள். பிஸி. மூன்றாவது தடவையும் பிஸி. இந்த நேரத்தில் யாரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறார் என்று அவர் மேலேயே கோபம் வந்தது.

அதற்குள் ஷரத்து சார் வந்துவிட்டார். அறுந்த ஆணியைப் பார்த்தார். பேயறைந்தது போல நின்றார். திட்டப்போகிறார் என்று சீல் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"கதவைத் தொட்டீங்களா?"

"இல்ல சார்."

"தாழ்ப்பாளை?"

"அதுவும் இல்ல சார். டக்குன்னு வெட்டினதோட சரி. சத்தியமா சார்."

ஷரத்து சார் கதவின் மூலையில் இருந்த சின்ன விளக்கைக் குனிந்து பார்த்தார். கதவு திறந்தால் சிவப்பாக மாறும் விளக்கு அது. பச்சையாகத்தான் எரிந்தது. அவர் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் பரவியதைப் பார்த்த சீல் அக்காவுக்கு, மனுஷனுக்கு அதிர்ச்சியில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயம் பிடித்தது.

"ஷரத்து பதினேழு" என்றார் அவர். புத்தகத்தைப் பிரிக்காமலே ஒப்பித்தார். "சீல் அறுந்து, கதவு திறக்கப்படாம இருந்தா, ரெண்டு நாட்டு சீல் அலுவலர்களும் எல்லைக்கோட்டுல சேர்ந்து நின்னு, பார்த்து, சீல் போட்ட நாட்டுக்காரரே புது சீல் போடலாம். அக்கா, இது நான் எழுதின ஷரத்து! பதினோரு கூட்டத்துலயும் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. 'யார் சார் வெட்டப் போறா, எதுக்கு இது'ன்னு கேட்டாங்க. நம்ம ஆளுங்க கையை எனக்குத் தெரியாதா?"

"அண்ணன் போன் பிஸியா இருக்கு சார்."

"அப்ப நடங்க!"

மணி ஒன்பது இருபது. இருவரும் பாலத்தில் நடக்கத் தொடங்கினார்கள். நடை என்று ஆரம்பித்தது பத்தடியில் ஓட்டமாக மாறியது. ஷரத்து சார் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓடி யாரும் பார்த்ததில்லை. கக்கத்தில் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு அவர் ஓடின அழகைப் பார்த்து சிட்டு வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். பிறகு பல நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாலத்தின் அந்த முனையிலிருந்தும் ஒருவர் ஓடிவந்துகொண்டிருந்தார். ஒல்லியாக, குள்ளமாக, தலையில் முக்கால்வாசி வழுக்கை. ஒரு கையில் போனைக் காதில் வைத்திருந்தார், இன்னொரு கை எதையோ பொத்திப் பிடித்திருந்தது. எல்லைக்கோடு என்பது பாலத்தின் குறுக்கே அடித்த மஞ்சள் பட்டை, அவ்வளவுதான். இருவரும் அதற்கு இரு பக்கத்திலும் வந்து மூச்சு வாங்க நின்றார்கள்.

"தங்கச்சியா?"

குரல் கணீரென்று வந்தது. அந்தக் குரலை வைத்து அவள் இத்தனை வருஷமாக ஆறடி உயரமும் முறுக்கு மீசையுமாக ஒருவரைக் கற்பனை செய்து வைத்திருந்தாள்.

"அண்ணனா? நீங்களா?" என்று கேட்டுவிட்டு, அது எவ்வளவு மரியாதைக் குறைவாக ஒலித்தது என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எத்தனை தடவை போன் போடறேன், பிஸி பிஸின்னே வருது!"

"உங்களுக்குத்தான்ணே போட்டுக்கிட்டிருந்தேன்!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு அவள் உள்ளங்கையை விரித்து அறுந்த ஆணியைக் காட்டினாள். "அண்ணே, மன்னிச்சிடுங்க. உங்க சீலை வெட்டிட்டேன்."

அக்கரை அண்ணன் அதைப் பார்த்தார். அப்புறம் தன் பொத்திய கையை விரித்தார். அதிலும் ஒரு அறுந்த ஆணி. இந்த நாட்டு சீல். அவள் வீட்டுக்காரர் வண்டியின் சீல்.

"உன் வீட்டுக்காரர் வரிசையில நிக்காம நேரா வந்து நின்னாரா, சந்தோஷத்துல அவர்கிட்ட 'வாங்க மாப்பிள்ளை'ன்னு சொல்லிக்கிட்டே..." என்றார். கட்டரைப் பிடிக்கிற மாதிரி கையைக் காற்றில் ஆட்டிக் காட்டினார்.

முதலில் சிரித்தது ஷரத்து சார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, புத்தகம் நழுவிக் கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தார். அவருக்குப் பற்கள் இருப்பதையே அன்றுதான் பார்த்ததாக சீல் அக்கா சொல்வாள். பிறகு அவளும் சிரித்தாள், அண்ணனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மணி ஒன்பது இருபத்தாறு.

"சிரிச்சது போதும்" என்றார் ஷரத்து சார், ஏதோ மற்றவர்கள்தான் தொடங்கியது போல. "ரெண்டு வண்டியையும் கோட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்க. திருப்ப இடம் இல்ல, ரிவர்ஸ்லயே வரட்டும்."

இரண்டு வண்டிகளும் பின்பக்கமாக பாலத்தில் ஏறின. முதுகைக் காட்டியபடி, பீப் பீப் என்று மெதுவாக வந்து, மஞ்சள் பட்டைக்கு இரு பக்கத்திலும் இரண்டு முழ இடைவெளியில் நின்றன. அவள் வீட்டுக்காரர் இறங்கி வந்தார். இஸ்திரி மடிப்பு கலையாமல் இருந்தது, முகத்தில்தான் சுத்தமாக இரத்தம் இல்லை.

"ஏம்மா, என் வண்டி சீலை வெட்டிட்டாங்க. இங்க நீ எதுக்கு வந்த?"

"நானும் வெட்டிட்டேங்க."

அவர் மனைவியையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். "சரியாப் போச்சு. அண்ணனும் தங்கச்சியும் பேசி வெச்சுக்கிட்டுப் பண்ணினீங்களா?"

பச்சை விளக்குகளை எல்லோரும் பார்த்தார்கள். தாழ்ப்பாள்கள் நகரவில்லை என்று உறுதிசெய்துகொண்டார்கள். அண்ணன் சிட்டுவின் வண்டியில் தன் நாட்டுப் புது சீலைச் செருகி அழுத்தினார், சீல் அக்கா பக்கத்தில் நின்று எண்ணைப் படித்தாள். அடுத்து அவள் தன் வீட்டுக்காரர் வண்டிக்கு வந்தாள். பதினான்கு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் சீல் போட்டிருக்கிறாள். அத்தனையும், வண்டி நாள்கணக்கில் வரிசையில் நின்று முடித்த பிறகு போட்டது. இதை இரண்டு கையாலும் அழுத்தினாள். மாட்டிக்கொண்ட பிறகும் ஒருதரம் இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

"கட்டரைக் குடுங்க" என்று ஷரத்து சார் கையை நீட்டினார். "எந்த ஷரத்துப்படி சார்?" என்று சீல் அக்கா கேட்டாள். அவர் முறைத்தார். அவள் கழற்றிக் கொடுத்தாள், அண்ணனும் மறுபேச்சில்லாமல் கொடுத்தார்.

இரண்டு வண்டிகளும் இரு கரையிலும் சாலையைப் பிடித்தபோது மணி ஒன்பது நாற்பத்தெட்டு. சோதனை ஓட்டத்தை மதிப்பிட வந்த இரு நாட்டுக் குழுவினரும் நடந்ததை முழுக்க எழுதி வாங்கிக்கொண்டார்கள். எழுதச் சொன்ன அதிகாரியே இரண்டு இடத்தில் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். தவறு செய்த இருவரும் தாங்களாகவே வந்து சொன்னது, அதைச் சரிசெய்ய ஷரத்து இருந்தது, அப்போதும் நேரம் மிச்சமிருந்தது. இதைவிட நல்ல சோதனை என்ன வேண்டும் என்று மதியம் முடிவு சொன்னார்கள். முதல் தேதி பாதை தொடங்குகிறது. சீல் வெட்டும் இருவரும் இனி சீல் எண் படிப்பவர்கள். ஷரத்து பதினேழைப் பற்றி மற்ற பாலங்களிலிருந்து வந்து கேட்டுப்போவார்கள் என்றதும் ஷரத்து சார் எல்லோருக்கும் தன் செலவில் டீ வாங்கிக் கொடுத்தார். அதற்கு எந்த ஷரத்தும் இல்லை.

மாலை ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சீல் அக்கா அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் அவர் வருவது தெருமுனையிலேயே தெரிந்துவிடும். எஞ்சின் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி ஆடும், மகள் போய்க் கதவைத் திறப்பாள். இன்று எதுவும் ஆடவில்லை. அவளும் காதைத் தீட்டிக்கொண்டு, சத்தம் கேட்கவில்லையே, சார்ஜ் தீர்ந்துவிட்டதோ, திரும்புகிற வழியில் ஏதாவது தகராறோ என்று மனசைப் போட்டு உழப்பிக்கொண்டிருந்தாள். திரும்பினால், அவர் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

மகள் பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்பா! இன்னிக்கு திங்கட்கிழமைதானே?"

"ஆமாண்டா."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"சாப்பிடத்தான்" என்றார் அப்பா. மகள் எழுந்து போய் மூன்றாவது தட்டைத் தேடி எடுத்துக் கழுவிக்கொண்டு வந்தாள்.

சரியாக ஆறு மணிக்குப் போன் அடித்தது.

"தங்கச்சி" என்றது அந்தப் பெரிய குரல். "பழக்க தோஷத்துல போட்டுட்டேன். இன்னிக்கு உன்கிட்ட சொல்றதுக்கு என்கிட்ட நம்பர் இல்ல. வண்டி திரும்பி வந்தப்பவும் நிக்காமப் போயிடுச்சு. எங்க இருக்கார்னே தெரியல."

சீல் அக்கா திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றாமல் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மகள் அவர் தோளில் சாய்ந்துகொண்டு, இன்று பள்ளியில் நடந்ததை, ஆறு நாளைக்குச் சேர்த்து வைத்துச் சொல்லாமல், இன்றைக்கே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்றேன்ணே, எழுதிக்கோங்க" என்றாள். "என் வீட்டுக்காரர் முதல் வண்டி. அவருக்கு முன்னாடி யாருமே இல்ல."